கணிதம் கட்டாயம்

தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தது.
விண்ணப்பம் முடிய நாலு மணி நேரம்.
தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
என் கணினி மையத்தில்
நிரோஜினி உட்காராமல் நின்றாள்.
"புள்ளியியல் ஆனர்ஸ், அண்ணே.
நாலு வருஷம். ஹாஸ்டல் உண்டு."

முதல் பக்கம் சுலபம்.
தந்தை பெயர் சவேரியான்.
தொழில் என்று கேட்ட பெட்டியில்
அரசுப் பணி, தனியார், விவசாயம், வியாபாரம், இதர.
இதரவை அழுத்தினேன்.
இந்தக் கடையில் அதிகம் தேய்ந்த சொல் அது.

படம் ஐம்பது கேபிக்குள் வேண்டுமாம்.
மூன்றாம் முறை சுருக்கியதில்
நெற்றித் தழும்பு காணாமல் போயிற்று.
"நல்லதாப் போச்சு" என்றாள்.

பிறகு தகுதி என்னும் பக்கம் வந்தது.
சிறந்த நான்கு பாடங்கள், அதில் ஒன்று மொழி,
குறைந்தது அறுபது விழுக்காடு.
அவளிடம் தொண்ணூற்றொன்று இருந்தது.
சிரித்தபடிதான் கீழே உருட்டினேன்.

கணிதம் கட்டாயம்.

"கட்டாயம்னா?"
கட்டாயம் என்றால் கட்டாயம்தான்.
தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல்,
தாவரவியல், விலங்கியல்.
அவளுடைய ஆறு பாடங்களையும் ஏற்றுக்கொண்டு
ஏழாவதைக் கேட்டுச் சிவந்தது பெட்டி.

அவள் பதினொன்றில் சேர்ந்த வருஷம்
கணக்கு டீச்சர் மாற்றலாகிப் பரமக்குடி போனார்.
ஏழு பேருக்கு ஒரு குரூப்பா என்று
மூன்று மாதம் கழித்து யாரோ முடிவெடுத்தார்கள்.
ஏழு பேரும் பை, நோட்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு
எழுந்து அடுத்த வகுப்புக்குப் போனார்கள்.
எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்லப்பட்டது.
யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை.

அந்த இரண்டு வருஷமும்
அப்பா போன படகின் பங்குக் கணக்கு அவளுடையது.
டீசல் கழித்து, ஐஸ் கழித்து,
மீதியில் ஆளுக்கு எவ்வளவு;
இறால் விலை எந்த வாரம் விழும்,
விழுந்தால் எத்தனை நாளில் எழும்.
அந்த நோட்டையும் கொண்டுவந்திருந்தாள்.
"இத எங்க அப்லோட் பண்ணணும்?"
பிற சான்றுகளில் தேடினேன்.
விளையாட்டு, என்சிசி, முன்னாள் படைவீரர் வாரிசு.

கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
வெளியே ராமேஸ்வரம் பஸ் ஒன்று
நிற்காமலே போனது.
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்:
"கணக்கு கேக்காத ஆனர்ஸ் எது எது இருக்கு?"

வெளிச்சம் வந்ததும்
முப்பத்தெட்டையும் திறந்து பார்த்தோம்.
பொருளியல் கேட்டது. இயற்பியல் கேட்டது.
தெலுங்கு, தெலுங்கைக் கேட்டது.
தத்துவம் எதையுமே கேட்கவில்லை;
அதில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
புவியியல் திறந்து கிடந்தது.

பழக்கமில்லாத மீனைச்
செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல
அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள்.
மூன்றாம் ஆண்டில் ஒரு தாள்:
புள்ளியியல் முறைகள்.
"போடுங்க" என்றாள்.

ஐந்தே முக்காலுக்குப் பணம் ஏறியது.
முதல் தடவை தோல்வி, இரண்டாம் தடவை
இரண்டு முறை பிடித்துக்கொண்டது.
ஒன்று திரும்பி வரும் என்றேன்.
எத்தனை நாளில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது
புள்ளியியலின் தகுதிப் பக்கத்தை மட்டும்
மூன்று பிரதி கேட்டாள். ஆறு ரூபாய்.
"உனக்குத்தான் வேலை முடிஞ்சுதே?"
"பத்தாவது பிள்ளைக
இப்பதான் குரூப் எடுக்குதுக."

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பார்த்தேன்.
கோயில் பலகையில்
திருமண அறிக்கைக்கும்
படகு டோக்கன் அறிவிப்புக்கும் நடுவே
என் கடைத் தாள்.
கணிதம் கட்டாயம், சிவப்பில் இரட்டைக் கோடு.
கீழே அவள் கையெழுத்து:
டீச்சர் இல்லைன்னு சொன்னா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.
நாங்க ஏழு பேரும் கேக்காம எந்திரிச்சுப் போயிட்டோம்.

அதற்கும் கீழே, பென்சிலில்,
வேறு வேறு கைகளில் நாலு பெயர்.
நாலாவதை யாரோ அழித்து
மறுபடி எழுதியிருந்தார்கள்.