வந்து நின்னாங்க

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
சாட்சிகளின் தமிழை இங்கிலீஷாக்குவது என் வேலை.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அப்பீல் ஐகோர்ட்டுக்குப் போகிறது,
வியாழனுக்குள் வேண்டும்.

நான்காம் சாட்சி தணிகைவேல், ஜேசிபி டிரைவர்,
ஊர் நெல்லிக்குப்பம்.
சிங்காரத்தோப்பில் வலைக்கொட்டகை இடிக்கப் போனவர்.
கேள்வி: அந்தம்மா என்ன செய்தார்?
பதில்: ஒண்ணும் செய்யலைங்க. வந்து நின்னாங்க. அவ்ளோதான்.
கேள்வி: பிறகு?
பதில்: வண்டிய ஆஃப் பண்ணிட்டேங்க.

இந்த 'நின்னாங்க'வில்
மூன்று நாளாக நிற்கிறேன்.

'இம்போசிங்' என்று போட்டேன்.
அகராதியில் அதற்குப் பக்கத்து வீடு
சுமத்துதல், வரி விதித்தல்.
அஞ்சலாட்சி யார் தலையிலும் எதையும் சுமத்தவில்லை.
'டவரிங்' என்றேன்.
கைதுக் குறிப்பில் உயரம் நாலடி பத்தங்குலம்,
இடது கணுக்காலில் திருக்கை முள் தழும்பு.
'கமாண்டிங்' என்று எழுதியதும்
அரசு வக்கீலின் முகம் மலர்வது தெரிந்தது.
கட்டளையிட்டார், கூட்டம் சேர்த்தார்,
அரசு ஊழியரைத் தடுத்தார்.
ஒரே சொல்லில் இரண்டு வருஷம்.

'ப்ரெசென்ஸ்' போடுங்க சார், என்றாள் டைப்பிஸ்ட் ரெஜினா,
இங்கிலீஷ் நாவல்ல அப்படித்தான் வரும்.
வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது, என்றேன்.

நேற்று நகல் கேட்டு அவரே வந்தார்.
ரப்பர் செருப்பு, மஞ்சள் பை,
மீன் ஈரம் காயாத முந்தி.
கதவருகே, ஃபேன் காற்று எட்டாத இடத்தில்.
நான் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்,
எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது.
சிரஸ்தார் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.
பெஞ்சில் இருந்த கான்ஸ்டபிள்
ஏற்கெனவே காலியாய் இருந்த இடத்தை
இன்னும் கொஞ்சம் காலியாக்கினார்.
அவர் உட்காரவில்லை.
எம் பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, என்றார்.
ஒரு எழுத்து விட்டிருந்தது.

இதையெல்லாம் எழுத எனக்கு உரிமையில்லை.
சாட்சி சொன்னது, கூட்டாமல் குறைக்காமல்.

'ஷீ கேம் அண்ட் ஸ்டுட்.'
உப்புப் போடாத கஞ்சியாய்க் கிடக்கிறது தாளில்.
ஏசி அறையில் ஒரு நீதிபதி
இதன் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு போவார்,
நிற்கமாட்டார்.

ரெஜினா அடித்து முடித்தாள்.
அவ்ளோதானா சார்?
அதையும் சேர், என்றேன்,
அதுவும் அவன் சொன்னதுதான்.

மூலத்தில், ஓரத்தில்,
யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்:
சாட்சி இந்த இடத்தில் தண்ணீர் கேட்டார்.
அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.