உலகியின் கிணறு

தோம்பின் அந்தப் பக்கத்தில்
அவளுக்கு ஒன்றரை வரிதான்.
சாயவேர் கிண்டுகிறவள். இரண்டு பணம் நிலுவை.
பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

எழுபத்தெட்டில், என் ஆய்வேட்டில்
அவளை அடிக்குறிப்பில் இறக்கினேன்:
'பெயர் வாசிக்க முடியவில்லை.'
அதற்குமேல் ஒரு சொல் வைத்தாலும் பொய்.
பேராசிரியரின் சிவப்பு மை
அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போனது.

ஆனால் அந்த இரண்டு பணம்
என் பேரில் நிலுவையாய் நின்றது.
நாடகம் எழுதினேன்.
கே.கே.எஸ். வீதியில் பாதி உடைந்து தொங்கிய
உலகநாதன் சைக்கிள் கடைப் பலகையில்
மிஞ்சியிருந்த மூன்றெழுத்தை எடுத்து
உலகி என்று பேர் வைத்தேன்.
கங்காணியின் முகத்தில் வேரை விட்டெறிந்து
அவள் கிணற்றில் குதிப்பாள்.

கிணறு எதற்கென்றால்,
சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூட மேடையில்
ஒரு பலகை உக்கிப்போயிருந்தது.
ஓட்டையை மறைக்கக் கிணறு கட்டினோம்,
காட்போட் மட்டையும் சாம்பல் பூச்சும்.
உலகியாய் நடித்த யசிந்தா
குதித்த பிறகு உள்ளே குந்தியிருந்து
மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாள்.
செத்த பிறகுதான் அவளுக்கு வேலை கூட.

வரலாற்றுக் கூட்டங்களில்
என்னை நாடகக்காரர் என்றார்கள்.
ஒத்திகையில் பெடியள்
அடிக்குறிப்பு மாஸ்ரர் என்றார்கள்.
அவளை வைத்தே ஒரு நாவலும் எழுதினேன்,
அறுநூறு பிரதி,
நானூற்றுச் சொச்சம் கட்டிலுக்குக் கீழே.

தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரிக்குத் தூக்கிப்போன பெட்டியில்
ஆவணக் குறிப்பும் நாடகப் பிரதியும்
மழையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.
திரும்பி வந்து பிரித்தெடுத்தேன்.
எல்லாவற்றையும் பிரித்தேன் என்றுதான் நினைத்தேன்.

போன மாசம் மதிப்பீட்டுக்கு வந்தது
ஒரு மாணவியின் ஆய்வேடு. கெட்டிக்காரி.
நாற்பத்தோராம் பக்கம்:
'உலகி, இறப்பு 1697,
வரி மறுத்துக் கிணற்றில் பாய்ந்தவள்.
சான்று: வாய்மொழி, சுழிபுரம், மூவர்.'
ஆண்டு நான் வைக்கவில்லை.
யாரோ என்னைவிடத் துணிந்தவர்.

சைக்கிளில் போனேன்.
தோட்டத்து நடுவே கல்லுக் கிணறு,
கம்பி வலை, நீலப் பலகை,
அவள் பெயர், வெள்ளை எழுத்தில், எழுத்துப் பிழையில்லாமல்.
புகையிலைக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தவர்
மோட்டரை நிற்பாட்டினார்.
"எங்கட வழிதான் அவ.
குதிக்கேக்க துலா அடிச்சு நெத்தியில காயம்."
துலாவா?
என் மேடையில் துலா இல்லை, கூரை உயரம் காணாது.
"ஆர் சொன்னது?" என்றேன்.
"ஆரும் சொல்ல வேணுமே? தெரியும்."

வரலாற்றாசிரியன் வாய் திறந்தான்.
நாடகக்காரன் அவன் காலை மிதித்தான்.
தண்ணி வாங்கிக் குடித்தேன்.
கொஞ்சம் உவர்.

இரவு, நாற்பத்தோராம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
'இப்படி ஒருத்தி இல்லை. நான் செய்தது.'
முதல் வசனம் எனக்கே நிச்சயமில்லை.
ஒன்றரை வரிக்கு ஒருத்தி இருந்தாள்தானே.
அழித்தேன்.
பழைய ரப்பர், மெல்லிய தாள்.
பெயர் இருந்த இடத்தில் சின்னதாய் ஓட்டை.

நாளைக்குப் பல்கலைக்கழகத்தில்
இன்னொரு பிரதி கேட்க வேணும்.