மசாலாத் தூரிகை

நீளவாக்கில் வெட்ட வேண்டும்.
குறுக்கே வெட்டினாலும் குற்றமில்லை.
ஆனால் நீளவாக்கில் வெட்டினால்தான் தோல்
குழந்தை கழற்றும் சட்டைபோல
உட்புறம் வெளியே வந்து
முழுசாகக் கழன்று விழும்.

பிப்ரவரி. புயல் போய் மூன்றாம் நாள்.
ரவீன் தே கப்ரியில் இன்னும் மின்சாரமில்லை.
ஃபிரிட்ஜ் இப்போது வெறும் அலமாரி.
மேசைமேல் ஏழு டிராகன் பழங்கள்,
இன்றைக்கே தின்றாக வேண்டியவை.

ஏழில் நான்கு
சுவருக்கு அந்தப்பக்கம் தொங்கியவை.
எங்கள் தூணில் நட்ட கள்ளிதான்.
எட்டிப்பார்க்கும் புத்தி அதற்கு.
ஏறி, வளைந்து, இறங்கி
ஜிஸ்லேன் பாயே துணி காயப்போடும்
கயிறு வரைக்கும் போய்விட்டது.
காற்றில் அவர் பக்கம் விழுந்ததையெல்லாம்
நேற்றுக் காலை பொறுக்கித் துடைத்துச்
சுவர்மேல் வரிசையாக வைத்திருந்தார்.
ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.
ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு.

டிசம்பர் கடைசியில், பூ விரிந்த இரவு.
கிளினிக்கில் மாலை ஷிப்ட் முடித்து வந்து
காரை நிறுத்துகிறேன். வெளிச்சத்தில்
முக்காலிமேல் ஓர் ஆள்.
பல்லிடுக்கில் டார்ச்.
கை எங்கள் பூவுக்குள்.

"பூத் திருடுகிறார்" என்றேன் ரெஜிஸிடம்.
ரெஜிஸ் பனியனோடு இறங்கிப் போய்
பிரெஞ்சில் தொடங்கிக் கிரியோலில் முடித்தான்.
அவன் கிரியோலில் முடித்தால்
அதற்குமேல் சமாதானம் பேச ஒன்றுமிருக்காது.
நாற்பது நாளாக அந்த வீட்டிலிருந்து
நாய் மட்டும்தான் எங்களோடு பேசியது.

முதல் பழத்தில் கத்தி இறங்குகிறது.
எதிர்ப்பே இல்லை. வெண்ணெய்க்குக்கூட
இதைவிடக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.
உள்ளே அப்படியொரு சிவப்பு.
பீட்ரூட் பக்கத்தில் வந்தால்
தன் ஜாதகத்தை எடுத்துப் பார்க்கும்.
பலகை, கத்தி, என் விரல்,
விரல்ரேகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்வாய்.
எள்ளை யார் இதற்குள் இவ்வளவு
பொறுமையாக எண்ணிப் போட்டது?

இரண்டு வருஷம் வெறும் பூ.
விடியும்போது வாடி, மஞ்சளாகி உதிரும்.
இந்த வருஷம் ஏழு காய்.
கணக்கு தெரியாதவள் இல்லை நான்.
கொஞ்சம் மெதுவாகத் தெரிந்துகொள்பவள்.

சதையைக் கட்டம் கட்டமாக நறுக்கி
மறுபடி அதன் தோலுக்குள்ளேயே அடுக்கினேன்.
கொம்பாவா எலுமிச்சையை ஒரு பிழி.
உப்பு, விரல்நுனியில் ஒட்டியது மட்டும்.
தட்டைக் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்து
"மிஸ்யே பாயே" என்றேன்.
அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

வந்தார். பார்த்தார். கரண்டி வேண்டாமென்றார்.
ஒரு துண்டு. நிதானமாக மென்று
"சப்பென்றுதான் இருக்கிறது" என்றார்.
உண்மைதான்.
இவ்வளவு வேஷத்துக்கு இவ்வளவு ருசி போதாது.
இரண்டாம் துண்டு. மூன்றாவது.

பிறகு உள்ளே போனவர்
ஒரு தூரிகையோடு வந்தார்.
ஓவியத் தூரிகை இல்லை,
கோழிக்கு மசாலா தடவுவது.
"இந்த ஊரில் ராத்திரி வேலைக்கு
பூச்சி வராது, அம்மா.
உங்கள் பூவுக்குத் தன் தூள் ஆகாது.
என் வீட்டுப் பின்னால் வெள்ளைச் சதைக்காரி ஒருத்தி இருக்கிறாள்.
அவளிடமிருந்து எடுத்து வந்தேன்.
தூரிகையைப் புதிதாகத்தான் வாங்கினேன்,
இதில் மிளகாய் பட்டதே இல்லை."

அந்தக் கடைசி வரியை
இரண்டு தரம் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேனா?
இன்னொரு பழம் வெட்டினேன்.
ரெஜிஸ் மெழுகுவர்த்தியோடு வந்து
மூவரும் சுவரோடு சாய்ந்து,
ஆளுக்கு ஒன்றரைப் பழம்,
உதடும் பல்லும் கொலைகாரர்கள்போல.

விடியாத நேரம், குளியலறையிலிருந்து
ரெஜிஸின் அலறல்:
"ரத்தம்! ரத்தமாகப் போகிறது!"
தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன்.
பழம் அது, பழத்தின் சாயம், தூங்கு.

பிறகுதான் ஜன்னல் வழியே பார்த்தேன்.
சுவருக்கு அந்தப்பக்கம்,
கழிப்பறையின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு டார்ச் எரிந்துகொண்டிருந்தது.
எரிந்தது,
அசையாமல்,
வெகுநேரமாக.