பத்து குறைகிறது

கெத்தை மலைப்பாதையில் நாற்பத்து மூன்று வளைவு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை, அதில் ஒரு எண்.
கோவையிலிருந்து மஞ்சூருக்குக் கடைசி வண்டி,
அதில் நான் பதினோரு வருஷக் கண்டக்டர்.
எண்ணுவதுதான் பிழைப்பு:
தலை எண்ணி, டிக்கெட் எண்ணி, சில்லறை எண்ணி,
டிப்போவில் கணக்கு இடித்தால்
மறுபடி முதலிலிருந்து.

ஆகவே கடவுளிடமும் எண்ணிப் பேசுகிறவர்களைக் கண்டால்
எனக்குக் கொஞ்சம் இளப்பம்.

எங்கள் சபையில் மணி கிடையாது, மாலை கிடையாது.
எழுந்து நின்று, கண்ணை மூடி,
வாய்க்கு வந்ததை வந்தபடி கொட்டுவோம்.
கிதியோன் ஜெபிக்க எழுந்தால்
பாஸ்டரே கடிகாரம் பார்ப்பார்.

வெள்ளிதோறும் ஏழாம் சீட்டில் மிக்கேலம்மாள்.
எஸ்டேட் லைன் வீடு. மகன் கோவை ஜெயிலில்.
மனு போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.
காரமடை தாண்டியதும் செபமாலையை எடுப்பார்,
வேளாங்கண்ணிக் கடையில் வாங்கியது,
இருட்டில் பச்சையாய் மினுங்கும் பிளாஸ்டிக்.
ஐம்பத்து மூன்று மணி.
வெள்ளிக்குத் துக்க தேவ இரகசியம் என்று ஒரு கணக்காம்.

"வளைவு பத்து குறையுதேம்மா" என்றேன் ஒருநாள்.
"இறங்கி வீட்டுக்கு மேடேறணுமில்ல,
அதுக்கு ஆச்சு அந்தப் பத்து."
சீண்டத்தான் கேட்டேன்:
"சொன்னதையே சொன்னா ஆண்டவருக்குக் காது வலிக்காதா?"
மிச்சம் இரண்டு ரூபாயை வாங்கி முடிந்துகொண்டு
"நீ ஒரு நாளைக்கு எத்தன தடவ விசில் ஊதுற?" என்றார்.

அன்று பத்தொன்பதாம் வளைவில் யானை.
ஒன்றல்ல. குட்டியோடு கூட்டம்.
டிரைவர் போஜன் எஞ்சினை அணைத்தார், விளக்கை அணைத்தார்.
"மூச்" என்றார். பிறகு அவர் உதடு மட்டும்
ஹெத்தையம்மா என்று அசைந்தது.
மூங்கில் ஒடியும் சத்தம்.
உள்ளே முப்பத்தொரு பேர்.

இருட்டில் ஏழாம் சீட்டில் மட்டும் பச்சைப் புள்ளிகள்.
கை காட்டினேன். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.
வெளிச்சம் நின்றது. விரல் நிற்கவில்லை.
துணிக்கு அடியில் ஒரு சின்ன மேடு
நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.
உதடுகூட அசையவில்லை.
காது வலிக்கும் என்று நான் சொன்ன ஜெபம்
ஒரு வார்த்தை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் ஜெபிக்க
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
கண்ணை மூடினேன். "ஆண்டவரே." அதோடு சரி.
அடுத்த சொல்லைத் தேடத் தேட
யானையின் மூச்சுதான் கேட்டது,
ஈரச் சாக்கை உதறுவதுபோல.
என் குரல் எனக்குக் கேட்டால்தான்
எனக்கு ஜெபம் வரும் போலிருக்கிறது.

கை எப்போது தோல்பைக்குள் போனதோ.
ஒரு ரூபாய்: முன் சீட்டுப் பூண்டு வியாபாரி.
இன்னொன்று: வெள்ளியங்காட்டில் ஏறிய பிள்ளைத்தாய்ச்சி.
தடித்த ஐந்து: போஜன்.
தேய்ந்த இரண்டு: மிக்கேலம்மாள்.
அவர் மகனுக்கும் ஒன்று. பேர் தெரியாது.
என்ன செய்தான் என்றும் கேட்டதில்லை.
காசோடு காசு உரசாமல்
பையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
ஒவ்வொருவராய் நகர்த்தினேன்.
முடிந்ததும்
மறுபடி முதலிலிருந்து.

கூட்டம் சரிவில் இறங்கியது.
போஜன் சாவியைத் திருப்பினார்.
ஒரு குழந்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தது.
அல்லேலூயா என்று கத்தியிருப்பேன்; குரல் வரவில்லை.
விசில் ஊதினேன், இரண்டு.
இருபது. இருபத்தொன்று.

நான் செபமாலை வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன்.
மரியாளிடம் கேட்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.
பாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை, மிக்கேலம்மாளிடமும்.
அவர் தன் ஸ்டாப்பில் இறங்கி
மூடுபனிக்குள் மேடேறினார்.
ஆள் மறைந்த பிறகும்
பச்சை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.
படியில் நின்றபடி, பேர் தெரியாத அந்தப் பையனுக்காக,
பைக்குள் விரலை விட்டேன்.

போஜன் ஹாரன் அடித்தார்.
"இருங்கண்ணே," என்றேன்,
"இன்னும் ஒண்ணு."