குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை

இரவு பதினொன்று நாற்பது. திருகோணமலை,
உட்துறைமுகக் கண்காணிப்புக் கோபுரம்.
காற்று வடகிழக்கு.
என் கையெழுத்து வழக்கம்போல இடப்பக்கம் சாய்கிறது.

பதினொரு நாளாய் அந்தப் பச்சைப் புள்ளி
ரேடாரின் விளிம்பில் நின்றது.
அயல்நாட்டான் கப்பல்.
கிட்ட வராது, விட்டும் போகாது,
கடன் கொடுத்தவன் படலையடியில்
செருமிக்கொண்டு நிற்பதுபோல.
நிலாவெளியார் வலைகளைக் கரையேற்றிவிட்டார்கள்.
பாரைக்குட்டி விலை கேட்டுச் சனம் திரும்பிப் போனது.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை
யாரோ இரண்டு அதிகாரிகள் வந்து
எண்ணிப் பார்த்தார்கள், குறைந்துவிட்டதோ என்பதுபோல.

பன்னிரண்டாம் நாள் விடிய
ஒப்பந்தக்காரர் வந்தார்கள். மூன்று சாம்பல் கப்பல்கள்.
மர்சூக்கின் இழுவைப்படகு முன்னே போனது,
யானைகளை நடத்திப் போகும் ஆட்டுக்குட்டி.

யாரும் சுடவில்லை.
ஒரு பீரங்கியின் உறைகூடக் கழற்றவில்லை.
இறங்கியவர்கள் பணிஸ் வாங்கித் தின்றார்கள்,
கோட்டை மான்களோடு படம் எடுத்தார்கள்.
பிற்பகல் மூன்று பத்துக்கு
புள்ளி பத்துப் பாகை திரும்பித்
திரையைவிட்டு வழுக்கியது.

"இவங்களாலதான்" என்றேன்.
மர்சூக் பிளேன்ரீயை ஊதினார்.
"குடை கொண்டு போற நாளில மழை பெய்யிறதில்ல.
குடைக்குப் பயந்தா நிண்டது?
டீசல் முடிஞ்சிருக்கும்."
"அப்ப குடை வேணாமா?"

கின்னியாப் பக்கமிருந்து பாங்கு வந்தது.
முடியும்வரை அவர் பேசவில்லை.
"கொண்டுதான் போகோணும்.
இரவல் குடை எண்டத மட்டும் மறக்கப்படா."

மறக்கவில்லை.
காவலுக்கென்று வந்து குடியிருந்துவிட்டவர்களின்
கல்லறைகள் இந்த ஊரில் உண்டு.
நண்பனின் நங்கூரமும் மேலே வரும்போது
நம் சேற்றை அள்ளிக்கொண்டுதான் வருகிறது.

ஆனாலும் இன்றிரவு
உப்புவெளியில் படகு விளக்குகள்
ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் இறங்குகின்றன.
வில்லூன்றியில் என் மகள்
சரித்திரம் பாடமாக்கிக்கொண்டிருப்பாள்.
இந்த வருடத்துக்கென்று
அவள் மனப்பாடம் செய்ய ஒரு திகதி இல்லை.

நடக்காததற்கு என்ன பெயர்?
வராதவன் ஏன் வரவில்லை என்று
யாரைப் போய்க் கேட்பது?
பதிவேட்டில் அதற்கு நிரல் இல்லை.
எழுதுகிறேன்:
குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை.

பேனா கசிந்து
தாளின் விளிம்பில் ஒரு நீலப் புள்ளி.
ஊதுகிறேன்.
காய்கிறது, போகவில்லை.