மரை

ஹென்ட்ரே பலகையைச் செதுக்குவான்.
நடுக்கோட்டின் ஓரம் பென்சிலால்
தன் பெயரும் ஓர் எண்ணும் எழுதுவான்.
அதன்மேல் கண்ணாடியிழை விரித்து
பிசின் ஊற்றி, ரப்பரால் வழித்து
அந்தப் பெயரை அழியாமல் ஆக்குவது நான்.
'ரோனல் விந்த்ஃபோகல், பூச்சு' என்று
சம்பளச் சீட்டில் இருக்கும்.
பூசுவது எளிது.
பூசாமல் விடுவதற்குத்தான் சம்பளம்.

வால்பக்கம் மூன்று ஃபின் பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் திருகாணிக்கு ஒரு துளை,
மிளகு நுழையும் அகலம்.
காலில் மாட்டும் கயிற்றுக்கு ஒரு கிண்ணம்,
குறுக்கே சிறு கம்பி.
நாலும் பிசினுக்கு நன்றாகத் தெரியும்.
தண்ணீரும் பள்ளம் பார்த்துத்தான் போகும்,
ஆனால் திரும்பி வரும்.
இது போன இடத்திலேயே கல்லாகி உட்காரும்.

முதலில் பஞ்சுக் குச்சியால் வாஸ்லின்.
பிறகு மெழுகு,
பலகைமேல் கால் வழுக்காமலிருக்கத் தேய்ப்பார்களே, அதே மெழுகு.
கட்டைவிரல் சூட்டில் உருட்டித் துளைக்குள் அழுத்துவேன்.
பெட்டியின் வாய்க்கு பிளாஸ்டிக் அடைப்பு,
அதன்மேல் டேப்.
ஓரத்தை நகத்தால் ஒருமுறை நீவி,
நகத்தை நம்பாமல்
கரண்டிக் காம்பால் இன்னொரு முறை.
குளிர்காலத்தில் பசை பிடிக்காது.
ஜெஃப்ரீஸ் பேயின் தென்மேற்குக் காற்று
தகரக் கதவை உலுக்கிக்கொண்டே இருக்கும்.
விரல் மரத்துப்போனால்
கன்னத்தை வைத்துப் பார்ப்பேன்.
எழும்பிய ஓரம் கன்னத்துக்குத் தெரியும்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு பலகை.
எட்டாவதில் மின்சாரம் போயிற்று.
அட்டவணையில் நாலு மணி, போனது மூன்றரைக்கு.
கோப்பையில் ஹார்ட்னர் விழுந்தாயிற்று,
கோப்பை கையில் சூடேறுகிறது.
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
மீதியை முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து
ஹியூமன்ஸ்டார்ப் பல் மருத்துவர் ஸ்வானெபுல் வந்தார்.
பலகையைக் குப்புறக் கிடத்தினார்.
இடது ஃபின் உட்காருகிறது,
திருகாணி இறங்க மறுக்கிறது.
கத்துவார் என்று நினைத்தேன்.
அவரோ என் விளக்கை இழுத்து
துளைக்கு நேராகத் திருப்பினார்,
மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம்?"
"அடிவரைக்கும்."

கம்பியைச் சூடாக்கி நடுவில் இறக்கினேன்.
"மெதுவாக. சுவர் கீறினால் போச்சு."
"தெரியும்."
"ஊதுங்கள்."
ஊதினேன்.
வாய் திறந்து படுத்திருப்பவர்களிடம்
பேசிப் பழகிய குரல்.
வலிக்கிறதா என்று பலகையைக் கேட்டுவிடுவாரோ
என்றிருந்தது எனக்கு.

இருட்டில் வாஸ்லின் போட்டிருக்கிறேன்,
மெழுகைத்தான் மறந்திருக்கிறேன்.
அதனால் உடையாமல் வந்தது:
சுண்டுவிரல் நக அளவில்
தேன் நிறத் துண்டு.
சுற்றிலும் மரை,
எட்டுச் சுற்று, ஒன்றுகூடப் பிசகவில்லை.
பதினாறு வருடமாக அடைத்துவரும் துளை
உள்ளே எப்படியிருக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.

"யார் தப்பு?" என்றான் ஹென்ட்ரே.
"மின்வெட்டு" என்றார் மருத்துவர்.
"என்னுடையது" என்றேன்.
திருகாணி இறங்கியது.
அவர் அன்று சாயங்காலமே கடலுக்குப் போனார்,
குளிரில், ஒற்றை ஆளாக.

நான் அலையேறியதில்லை.
பெல்ஸ்ரஸ் வீட்டில் அசிட்டோனும் சோப்பும் போட்டு
முழங்கைவரை கழுவும்போது
ஒன்று மட்டும் நினைத்துக்கொள்வேன்:
அங்கே தூரத்தில் யாரோ திரும்புகிற நேரம்
நான் விட்டுவைத்த வெற்றிடத்தைத்தான்
அந்த ஃபின் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

துண்டு இப்போது டேப் சுருளுக்குப் பக்கத்தில்.
உப்புத்தாள் போடும் எட்வால்ட்
இரண்டு முறை குப்பையில் எறிந்தான்,
இரண்டு முறையும் எடுத்து வைத்தேன்.
மின்சாரம் போகும்போது
முதலில் அதைத் தடவி
எட்டுச் சுற்றையும் விரலால் எண்ணுவேன்.
பிறகு பலகையில் கை வைப்பேன்.
மூன்று.
கிண்ணத்தோடு நாலு.