மூன்று தரம் பிந்தி

மாதக் கடைசி. மேற்பார்வையாளர் வந்துவிட்டார்,
கையில் பத்துக் கட்டம் போட்ட தாள்.
லிஃப்ட் பழுது. நாலாம் மாடிவரை ஏறிய மூச்சு
இன்னும் அவருக்கு அடங்கவில்லை.
சீருடை சுத்தமா. நேரத்துக்கு வருகிறாரா.
குளிசை தவறாமல் கொடுக்கிறாரா.
என் வலது கையில் வேலை செய்கிற இரண்டு விரலுக்கு நடுவே
பேனையைச் செருகிவிட்டு
ஜன்னலுக்குப் போய் வெள்ளவத்தைக் கடலைப் பார்த்தார்.

பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை ஒன்றில்
பதினெட்டு வருசம் கணக்குப் பார்த்தவள் நான்.
ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் பிடித்துவிடுவேன்.
முதலாளியின் மச்சான் நீட்டிய வவுச்சரையும்
திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
காலிலிருந்து மேலாக, ஒவ்வோர் அறையாக,
உடம்பு விளக்கணைத்துக்கொண்டு போனபோதும்
அந்தப் பழக்கம் மட்டும் அணையவில்லை.

ஜூனிலும் இதே தாள்தான்.
நேரத்துக்கு வருகிறாரா என்ற கட்டத்தில்
உள்ளதை எழுதினேன்: மூன்று தரம் பிந்தி.
பன்னிரண்டு நிமிடம். இருபத்தைந்து. நாற்பது.

நாற்பது பிந்திய அன்று
கொலன்னாவையில் முழங்கால் தண்ணீர்.
மல்காந்தி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து
கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றி,
குடிக்காமல்
கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.
எனக்கு எரிச்சல். நான் ஈரத்தில் கிடக்கிறேன்,
இவளுக்குத் தேத்தண்ணி கேட்கிறது.
பிறகு அந்தக் கை என் முதுகில் பட்டது.
குளிரவில்லை.

அவளுக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல் இருக்கும்.
அதிலும் ஒன்றைப் பிழையாகப் பழகியிருந்தாள்.
"திருப்பட்டுமா" என்று கேட்க வேண்டிய இடத்தில்
"திரும்புவோமா" என்பாள்.
இரண்டு பேருமாகத் திரும்புவோம்,
சுவர்ப் பக்கம், பிறகு கடல் பக்கம்.
வவுச்சர் திருத்தியவள்
இதைத் திருத்தவில்லை.

என் ஒரு வரிக்கு அவள் சம்பளத்தில்
மூவாயிரம் வெட்டினார்களாம்.
ஜூலையில் வேறு ஆள்.
கந்தோருக்குப் போன் எடுத்தேன்.
"நீங்கதானே மிஸ் முறைப்பாடு எழுதினது?
இப்ப தமிழ் ஆளையே அனுப்பியிருக்கிறம்."
மல்காந்தியின் குடை
இன்னும் எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

புனிதமலர் வந்தால் சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்க்கலாம்.
துவாயில் மடிப்புக் கலையாது.
என் கணவரிடம் கேட்பாள்:
"இவ இண்டைக்கு வெளிக்குப் போனவவா?"
வயிறும் என்னுடையது, வாயும் என்னுடையது.
அவர் என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.
சொல்லாமல் புரட்டுவாள்.
சுவர் சட்டென்று மூக்குக்கு முன்னால் வரும்.
கை, ஐஸ்.

பொல்லாதவள் இல்லை.
பதினொன்றுக்குத் தெஹிவளையில் ஒரு வீடு,
இரண்டுக்குக் கல்கிசையில் இன்னொன்று.
உடம்புக்கு இத்தனை நிமிடமென்று
கந்தோர் அளந்து கொடுத்திருக்கிறது.
அவள் குனிந்தபோது பார்த்தேன்,
சப்பாத்து விளிம்புக்கு மேலே
கணுக்கால் பொங்கி நின்றது.

பத்துக் கட்டமும் அவளுக்குச் சரி.
கணக்கில் பிழையில்லை, நானே கூட்டிப் பார்த்தேன்.
கை சூடா என்று கேட்கும் கட்டம்
தாளின் பின்பக்கத்திலும் இல்லை.

"முடிஞ்சுதா மிஸ்?"
ஜன்னலடியிலிருந்து மேற்பார்வையாளர்.

"பிள்ளை" என்கிறேன்.
புனிதமலர் முதல் தடவையாக
என் கணவரைத் தாண்டி என்னைப் பார்க்கிறாள்.
"நீ தேத்தண்ணி குடிச்சனியா?"
கடிகாரத்தைப் பார்க்கிறாள். மேற்பார்வையாளரைப் பார்க்கிறாள்.
"நேரமில்லை, அக்கா."

தாளின் அடியில் பதினோராவது கட்டம் ஒன்று
கீறத் தொடங்குகிறேன்.
மூன்று கோடு ஒருமாதிரி வந்துவிட்டது.
நாலாவது வளைந்து நழுவி
கையொப்பம் வைக்கும் இடத்துக்குள்
போய்க்கொண்டிருக்கிறது.